குளிசையை நிறுத்தியவர் யார்?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவர், சில மாதங்களின் பின்னர் அதே நோயுடன் அதே விடுதிக்கு மீண்டும் கொண்டுவரப்படுகின்றார். இம்முறை அவர் பிழைக்கவில்லை. காரணம் கேட்போருக்கு ஒரு விடை எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கின்றது: "மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை." விடுதியிலும் இவ்விடையே சொல்லப்படுகின்றது, செத்தவீட்டிலும் இவ்விடையே சொல்லப்படுகின்றது. படித்தவர்கள் கூடுமிடங்களில், 'எங்கள் சனம் திருந்தாது' என்ற பின்னுரையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது.

இவ்வாக்கியத்தை இலக்கணம் கற்கும் மாணவன் ஒருவனிடம் கொடுத்தால், இதில் எழுவாய் வெளிப்படவில்லை, இது தோன்றா எழுவாய் என்று சொல்வான். அத்தோன்றா எழுவாய் இறந்துபோன நோயாளியே என்று எல்லோரும் ஒருமனதாகக் கொண்டுவிட்டனர். இறந்தவர் மறுத்துரைக்க வரமாட்டார் என்பதனாற் போலும், இந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை. நாம் இத்தீர்ப்பை ஏற்க மறுக்கின்றோம். இவ்வாக்கியத்துக்கு வேறு எழுவாய்கள் உண்டு என்பதும், அவை வேண்டுமென்றே மறைக்கப்படுகின்றன என்பதும் எமது வாதம்.

முதலிற் பொருளின் பாரதூரத்தை உணர்ந்துகொள்வோம். ஐக்கிய அமெரிக்காவில் மாரடைப்பின் பின்னர் அஸ்பிரின், பீற்றா தடுப்பு மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் ஆகிய மூன்றோடும் வீடு சென்ற 1521 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரே மாதத்துள் அவர்களில் 184 பேர் மூன்று மருந்துகளையும் நிறுத்திவிட்டிருந்தனர். ஓராண்டின் முடிவில், ஒன்றையேனும் தொடர்ந்து எடுத்தோருள் நூற்றுக்கு 97.7 பேர் உயிரோடிருந்தனர். மூன்றையும் நிறுத்தியோருள் 88.5 பேரே எஞ்சினர். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, மாரடைப்பின் பின் இதயக் குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் எனும் வலைக்குழல் பொருத்தப்பட்ட 500 பேரை ஆராய்ந்தது. இரத்தம் கட்டிபடாமற் காக்கும் மருந்தை அவர்களுள் ஏழிலொரு பங்கினர் வரையில் முப்பது நாளுக்குள் நிறுத்திவிட்டனர். அடுத்த பதினொரு மாதங்களில் மருந்தைத் தொடர்ந்தோருள் இறந்தவர் நூற்றுக்கு 0.7, நிறுத்தியோருள் 7.5.

இவ்வேறுபாடு முழுவதும் மருந்தினால் மாத்திரம் வந்ததன்று, நிறுத்தியவர்கள் ஏற்கனவே நலிந்தவர்கள் என்று ஒருவர் வாதிக்கலாம். நல்லது, அவர்கள் யார் என்பதையும் பார்ப்போம். இரண்டாவது ஆய்வு அதையும் சொல்கின்றது. மருந்தை நிறுத்தியோர் வயதில் மூத்தவர்கள். உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தோர் அவர்களுட் குறைவு. மணத்துணையோடு வாழ்வோர் குறைவு. செலவுக்கு அஞ்சி வைத்தியத்தைத் தவிர்ப்போர் அதிகம். வைத்தியசாலையை விட்டுப் புறப்படும்போது மருந்து பற்றிய அறிவுறுத்தலைப் பெற்றோரும் குறைவு. வறுமை, கல்வியின்மை, தனிமை, சொல்லிக்கொடுக்க ஆளின்மை: இவையே அங்கு மருந்தை நிறுத்தியவர்களின் அடையாளங்கள். சோம்பலும் திமிரும் அப்பட்டியலில் இல்லை.

'எங்கள் சனம்' என்று தலையிலடித்துக் கொள்வோருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வளர்ச்சியடைந்த நாடுகளிற்கூட நீண்டகால நோயாளருள் ஏறத்தாழ அரைப்பங்கினரே விதித்தபடி மருந்தெடுக்கின்றனர் என்று கூறுகின்றது. ஆகவே இது தமிழனின் குறையுமன்று, தோட்டத் தொழிலாளியின் குறையுமன்று. நோயாளரைக் குற்றஞ்சாட்டுவதை விடுத்து அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்பதை அவ்வறிக்கை தன் தலையாய முடிவுகளுள் ஒன்றாக வைத்துள்ளது. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தும் அம்முடிவு எமது விடுதிகளின் வாசலைத் தாண்டவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன். நான்கும் சேர்ந்ததே மருத்துவம். மேடைதோறும் குறள் சொல்லும் எமது பெரியோர், சிகிச்சை தோல்வியுறும்போது மாத்திரம் மூன்று கூறுகளை மறந்து நோயுற்றவன் ஒருவனையே கூண்டில் ஏற்றுகின்றனர். நாம் நான்கையும் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

மருந்திலிருந்து தொடங்குவோம். இதய நோயாளிக்குக் கொடுக்கப்படும் குளிசைகளுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அவை வேலை செய்வது அவருக்குத் தெரிவதில்லை. தலையிடிக்குப் போட்ட குளிசை அரை மணி நேரத்தில் தன் வேலையைக் காட்டும். அஸ்பிரினும் குளோப்பிடோகிரலும் இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை ஓசையின்றித் தடுக்கின்றன. ஸ்டாட்டின் குழாயின் உட்சுவரிற் படிந்த கொழுப்பு வெடிக்காமல் அதனை அமைதிப்படுத்துகின்றது. பீற்றா தடுப்பு மருந்து இதயத்தின் வேலைச்சுமையைக் குறைக்கின்றது. இவை நோவுக்கு மருந்தல்ல, காவல். காவற்காரன் விழித்திருக்கும் வீட்டிற் களவு நடப்பதில்லை. களவு நடவாத வீட்டார், இக்காவற்காரன் எதற்கு என்று கேட்பதும் இயல்பே. நெஞ்சுநோவு போய்விட்டது, நடக்க முடிகின்றது, பின்னர் ஏன் மருந்து என்று நினைக்கும் உழவரின் தருக்கம் மூடத்தனமன்று. நோவு தீர்ந்தால் மருந்தை நிறுத்து என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். அவ்வனுபவம் இந்நோய்க்குப் பொருந்தாது என்பதை அவருக்கு எவரேனும் இருந்து விளக்கினரா என்பதே கேள்வி.

மேலும் இம்மருந்துகள் உடம்பில் வேறு விளைவுகளையும் உண்டாக்குகின்றன. அஸ்பிரின் வயிற்றை எரிக்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள் வறட்டு இருமலைத் தரும். பீற்றா தடுப்பு மருந்து சிலருக்குச் சோர்வைத் தரும். 'இங்கிலீசு மருந்து சூடு' என்று எமது தாய்மார் சொல்லும்போது நாகரிகர் நகைக்கின்றனர். வயிற்றெரிவுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நகைப்பதை விடுத்து 'எங்கே எரிகின்றது' என்று கேட்டிருந்தால், மாற்று மருந்தொன்று எழுதப்பட்டிருக்கும், மருந்து நிறுத்தப்பட்டிராது.

மருந்து கிடைப்பதும் கிடையாமற் போவதும் நோயாளியின் கையில் இல்லை. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை. இது மக்கள் போராடிப் பெற்ற பேறு. இதனைக் குறைத்துப் பேசும் எவரோடும் நாம் சேரோம். ஆனால் மருந்து இருந்தாலன்றோ இலவசம்? 2022ஆம் ஆண்டு நாடு கடனைக் கட்ட முடியாது கையை விரித்தபோது, வைத்தியசாலை மருந்தகங்களின் தட்டுக்கள் வெறுமையாயின. 'வெளியில் வாங்குங்கள்' என்ற இரு சொற்களோடு சீட்டுக்கள் நீட்டப்பட்டன. ஐந்து மருந்து எழுதிய சீட்டோடு தனியார் பாமசிக்குச் சென்ற கூலித் தொழிலாளி, கையிலுள்ள காசை எண்ணிப் பார்த்து, 'இதில் இரண்டைப் பத்து நாளுக்குத் தாருங்கள்' என்றார். எந்த இரண்டு? அதைத் தீர்மானித்தது வைத்திய சாத்திரமன்று, விலை. வயிற்றெரிவுக் குளிசை மலிவு, வாங்கப்பட்டது. ஸ்டென்டைக் காக்கும் குளிசை விலை கூடியது, விடப்பட்டது. இவ்வாறான கணக்கை ஒரு மனிதர் போடும் நிலைக்குத் தள்ளியபின் அவரைக் கவனயீனர் என்று ஏசுவது எவ்வகை நீதி?

இவ்விடத்தில் நாம் ஒரு பெயரை நினைவுகூர்தல் வேண்டும். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே 1971ஆம் ஆண்டில், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து இந்நாட்டின் மருந்துக் கொள்கைக்கு ஓர் அறிக்கையை ஆக்கினார். வியாபாரப் பெயர்களின் பெருங்காட்டை வெட்டி, தேவையான மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரால் வாங்கி, பொதுப் பெயரால் எழுதி, மலிவாக மக்களுக்கு வழங்குவது அதன் உயிர்நாடி. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அக்கொள்கையிற் பிறந்தது. பிபிலே 1977இல் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டில் இங்கு வந்த திறந்த பொருளாதாரம் அவர் வெட்டிய காட்டை மறுபடி வளரவிட்டது.

அக்காட்டில் வழிதவறுவோர் நோயாளரே. ஒரு மாதம் வெள்ளை வட்டக் குளிசை; மறு மாதம் அதே மருந்து, வேறு கம்பனி, நீள்வட்டம், இளஞ்சிவப்பு. பழையது வீட்டில் மிச்சம் இருந்தால் இரண்டும் சேர்ந்து விழுங்கப்படும்; சந்தேகம் வந்தால் இரண்டும் கைவிடப்படும். மாரடைப்பின் பின்னர் மருந்தெடுக்கும் அமெரிக்க நோயாளரிடையே 2014இல் வெளியான ஆய்வு, குளிசையின் நிறம் மாறியபின் அதனைக் கைவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 34 பங்கும், வடிவம் மாறியபின் 66 பங்கும் உயர்ந்தது எனக் கண்டது. படித்த நாட்டில் அவ்வாறெனில், மருந்தின் பெயரையே வாசிக்க முடியாத முதியவருக்கு நிறந்தானே பெயர்? நிறம் மாறலாம், மருந்து ஒன்றே என்று மருந்தகத்து யன்னலில் ஒரு வார்த்தை சொல்லப்படவேண்டும்.

இனி, தீர்ப்பவனாகிய வைத்தியனிடமும், அவன் நிற்கும் நிறுவனத்திடமும் வருவோம். தனிப்பட்ட டொக்டர்மாரையோ தாதிமாரையோ நாம் பழிக்கவில்லை. ஒரு காலை வேளையில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கவேண்டிய டொக்டர் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பது எமக்குத் தெரியும். எமது கண்டனம் ஓர் ஒழுங்கின்மீது. துண்டு வெட்டும் நாளில் நோயாளியின் கையிற் கொடுக்கப்படும் நோய் விபர அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அது டொக்டர் ஒருவர் இன்னொரு டொக்டருக்கு எழுதும் கடிதம். அதனைச் சுமந்து செல்லும் மனிதர் அதன் பொருளை அறியார். தபாற்காரன் தபாலைப் படிப்பதில்லை அல்லவா? தன் சொந்த நெஞ்சைப் பற்றிய செய்தியைத் தானே படிக்க முடியாத தபாற்காரனாக நோயாளி ஆக்கப்பட்டுள்ளார்.

இந்நாட்டில் மொழியின் பெயரால் எத்தனை இரத்தம் சிந்தப்பட்டது! 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்றனர். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. இவ்வளவுக்கும் பின்னர், உயிரோடு நேரே தொடர்புடைய அந்த ஒரு தாளில் அரசாள்வது இரண்டுமல்ல, மூன்றாம் மொழியே. மொனராகலைச் சிங்கள விவசாயிக்கும் அது புரிவதில்லை; முல்லைத்தீவுத் தமிழ் மீனவருக்கும் அது புரிவதில்லை. இருவரையும் ஒன்றுபோல ஊமையாக்கும் அத்தாளுக்கு எதிராக இருவரும் ஒன்றுசேர்ந்து குரலெழுப்ப இடமுண்டு என்பதை, மொழிப்போர் வீரர்கள் எவரும் இதுவரை கண்டுகொள்ளவில்லை. சிங்களம் மாத்திரம் பேசப்படும் விடுதியிற் படுத்திருந்து திரும்பும் தமிழ்த் தொழிலாளிக்கோ இத்துன்பம் இருமடங்கு. எழுதியதும் புரியவில்லை, சொன்னதும் புரியவில்லை.

அதற்காக, ஆங்கிலத்தைக் களைந்து விளங்காத் தமிழை நடுவதும் பரிகாரமன்று. தமிழ் கற்பிக்கும் நாமே இதைச் சொல்லவேண்டியவர்கள். 'குருதித்திரளெதிரி' என்று எழுதி வைத்தால் தனித்தமிழ் வாழலாம், நோயாளி வாழமாட்டார். 'இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் குளிசை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.' இதுவும் தமிழ்தான். இந்த இடத்தில் இதுவே நல்ல தமிழ். மக்கள் மொழியில் எழுதுவோம் என்று கதைக்கும் கவிதைக்கும் கொள்கை வகுத்த முற்போக்காளர், அக்கொள்கையை மருந்து உறைக்கும் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவர்கள்.

அடுத்து நோயுற்றவனிடம் வருவோம். அவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பர். உண்டு. தன் உயிரைக் காக்கும் கடமை எவருக்கும் உண்டு. ஆனால் கடமையைச் செய்வதற்கு நேரமும் இடமும் கூலியும் வேண்டும். மலையகத்துத் தோட்டத் தொழிலாளியைப் பாருங்கள். கிளினிக் நாள் என்பது அவருக்குப் பேர் விழாத நாள். விடியுமுன் லயத்திலிருந்து இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, வரிசையிற் குந்தியிருந்து, மருந்து வாங்கித் திரும்பும்போது அந்தி. மாதம் ஒருமுறை, ஆண்டில் பன்னிரண்டு முறை, ஆயுள் முழுவதும் இதனைச் செய்யவேண்டும். மருந்து இலவசம், அதனைப் பெறும் நாளின் விலை ஒரு நாட்கூலி. இத்தகைய இலவசத்துக்கு இருமடங்கு வரி கட்டுபவர் ஏழையே.

இதயம் பலவீனமுற்றோருக்கு, உடம்பிற் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் குளிசை கொடுப்பது வழக்கம். காலையில் எடுத்தால் அடுத்த சில மணித்தியாலங்களுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணுக்கு மலசலகூடம் எங்கே இருக்கின்றது? அவள் வேலை நாட்களில் அக்குளிசையை விட்டுவிடுவாளாயின், அதற்குப் பெயர் கவனயீனமா? தன் மானத்தைக் காத்தாள் என்று நாம் சொல்வோம். மானத்துக்கும் மூச்சுக்கும் இடையில் ஒன்றைத் தெரியுமாறு அவளை நிர்ப்பந்தித்த தோட்ட நிருவாகத்தையே குற்றவாளி என்போம். விடியுமுன் கடலுக்குப் போகும் மீனவருக்கும், இரவு முறையில் நிற்கும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கும், 'காலை, பகல், இரவு' என்ற அட்டவணை வேறொரு மனிதருக்காக எழுதப்பட்டது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் தாய்க்கும், நோன்பு மாதத்தில் பகலில் நீரும் அருந்தாத முஸ்லிம் சகோதரருக்கும், அந்நாட்களில் மருந்தை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே சொல்லப்படவேண்டும். கேட்காமல் விட்டால் அவர்கள் தாமே ஒரு வழி காண்பர். அவ்வழி பெரும்பாலும் நிறுத்துவதே.

இறுதியாக, அருகிருந்து துணைசெய்பவன். குறளின் உரையாசிரியர்கள் இவனுக்கும் இலக்கணம் வகுத்தனர். எமது காலத்தில் இவன் பெரும்பாலும் இவளே. மனைவி, மகள், மருமகள். நோயாளி பெண்ணாக இருந்தால் துணையென்று எவருமிலர். எல்லோருக்கும் சோறிட்டபின் தன் குளிசையை மறப்பவள் அவள். எமது வகுப்பறைகளில் நாம் காண்பது ஒன்றுண்டு. கிளினிக் நாட்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வருவதில்லை. பேரனோ பேத்தியோ போனாற்றான் அங்கு சொல்வதைக் கேட்டு வந்து வீட்டில் விளக்கலாம். ஆங்கிலப் பாடத்திற் சித்தியெய்தத் தவிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில், ஒரு முதியவரின் உயிரைக் காக்கும் மொழிபெயர்ப்பை நாடு ஏற்றி வைத்திருக்கின்றது. அப்பிள்ளை பிழையாக விளங்கிக்கொண்டால் யாரைக் குற்றஞ்சாட்டுவது?

இவற்றையெல்லாம் மாற்ற முடியாது என்போர் உளர். முடியும் என்பதற்குச் சான்றுகள் உள. தெற்காசியாவின் மூன்று நாடுகளில், இலங்கை, பங்களாதேசம், பாகிஸ்தான் ஆகியவற்றின் கிராமப்புறங்களில், உயர் இரத்த அழுத்தமுள்ள 2645 பேரிடம் நடத்திய பரிசோதனையின் பெறுபேறு 2020இல் வெளியாயிற்று. அரசாங்க சமூக சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வந்து அழுத்தத்தை அளந்தனர்; புத்தி சொன்னார்கள்; தேவையானோரை டொக்டரிடம் அனுப்பினார்கள். எமது நாட்டில் அவ்வேலையைச் செய்தவர்கள் கிராமத்து மருத்துவமாதர். ஈராண்டின் பின், அவர்கள் சென்ற ஊர்களில் அழுத்தம் மற்றைய ஊர்களைவிட 5.2 அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது. தாயையும் சேயையும் காத்து இந்நாட்டுக்குப் புகழ் தேடித் தந்த அந்தப் பெண்களின் கால்நடை, இதய நோயாளியின் வாசலுக்கும் வரக்கூடும். ஆனால் ஏற்கனவே சுமை மிகுந்த அவர்கள் தோளில் இதனையும் ஊதியமின்றி ஏற்றுவதை நாம் கேட்கவில்லை. ஆளும் ஊதியமும் கூட்டப்படவேண்டும்.

குளிசைகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். இலங்கையின் கிளினிக்குகளில் 700 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று அழுத்த மருந்துகளைச் சிற்றளவிற் சேர்த்த ஒரே குளிசை எடுத்தோருள் நூற்றுக்கு 70 பேர் ஆறு மாதத்தில் இலக்கை அடைந்தனர். வழமையான சிகிச்சையில் 55 பேரே. மாரடைப்புற்ற முதியோரிடையே ஐரோப்பாவில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, அஸ்பிரின், ராமிப்ரில், ஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை, மறுபடியும் வரும் இதய விபத்துக்களையும் பக்கவாதத்தையும் இதய நோய் மரணத்தையும் நூற்றுக்கு 12.7இலிருந்து 9.5 ஆகக் குறைத்தது எனக் காட்டிற்று. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டுக் குளிசைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. பிபிலேயின் நாட்டுக்கு இதனை மொத்தமாக வாங்கும் வழி தெரியாதா?

மருந்தை இலவசமாக்கினால் மாத்திரம் போதும் என்றும் நாம் மயங்கவில்லை. அமெரிக்காவில் மாரடைப்புற்றோருக்கு மருந்தின் விலையை முற்றாக நீக்கிப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. விலை நீங்கியபின்பும் மருந்தை ஒழுங்காக எடுப்பது நூற்றுக்கு நாலு முதல் ஆறு அளவே கூடியது. காசு ஒரு பூட்டு. மொழி, நேரம், நம்பிக்கை, துணை என்பன வேறு பூட்டுக்கள். எல்லாவற்றையும் திறந்தாலன்றிக் கதவு திறவாது.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. துண்டு வெட்டும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆங்கில அட்டையோடு, அவரவர் தாய்மொழியில் எளிய மருந்துத் தாள் ஒன்று தரப்படல் வேண்டும். எதற்கு, எத்தனை, எப்பொழுது, எதுவரை, நிறுத்தினால் என்ன நேரும் என்பன அதில் இருத்தல் வேண்டும். அதனை வாசித்துக் காட்டி, நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை ஒருவர் அருகில் அமர்தல் வேண்டும். நோய் நிலைபெற்றோருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கான மருந்து ஒருமிக்கத் தரப்படல் வேண்டும். 2020இல் கொள்ளைநோய் ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர்கள் வீட்டு வாசலிற் கொண்டுவந்து கொடுத்தனர். ஊரடங்கில் முடிந்தது ஊர் விழித்திருக்கும்போது ஏன் முடியாது? கிளினிக் நாள் தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய நாளாதல் வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சோடு இதனையும் பேசுதல் வேண்டும். கொழுந்து மலையில் மலசலகூடம் கட்டப்படல் வேண்டும். அதுவும் இதய வைத்தியத்தின் ஒரு பகுதியே.

எம்மவரிடையே ஒரு சாரார், சமுதாய அமைப்பே மாறும்வரை இவையெல்லாம் ஒட்டுப்போடும் வேலை என்பர். அமைப்பு மாறும் நாளைக் காண உழைப்பாளிக்கு முதலில் உயிர் இருத்தல் வேண்டும். இன்னொரு சாரார், கைத்தொலைபேசியில் வந்துவிழும் காணொலிகளை நம்பி, ஸ்டாட்டின் கம்பனிகளின் சூழ்ச்சி, அதை எறிந்துவிட்டுப் பூண்டும் மருதம்பட்டையும் போதும் என்று ஊருக்குப் போதிக்கின்றனர். மருந்துக் கம்பனிகளின் கொள்ளையை எம்மைவிடக் கடுமையாக எதிர்ப்போர் யார்? விலையில் நடக்கும் கொள்ளை வேறு, மருந்தின் வேலை வேறு. கொள்ளையை எதிர்த்துப் போராடுவோம். மருந்தை எறியச் சொல்லோம். அப்போதனையின் விலையைக் கொடுப்பவர் போதித்தவரல்லர்.

ஆசிரியர்களும் மாணவர்களும் அரசாங்கத்தைக் காத்திராமற் செய்யக்கூடியவையும் உண்டு. வடக்கிற் சனசமூக நிலையமோ வாசிகசாலையோ இல்லாத ஊர் அரிது. மூளாயில் மக்கள் கூட்டுறவாகவே ஒரு வைத்தியசாலையைக் கண்ட மரபு எம்முடையது. வாரத்தில் ஒரு மாலை அங்கு ஒரு மேசையைப் போடுவோம். ஊரின் இளைப்பாறிய தாதியையோ மருந்தாளரையோ அழைத்து அமர்த்துவோம். எழுதப்பட்ட மருந்துகளை அவர் சரிபார்த்துச் சொல்ல, மாணவர்கள் அவற்றைப் பெரிய எழுத்தில், நல்ல தமிழில், எழுதத் தெரியாதோருக்குச் சூரியனும் சந்திரனும் வரைந்து, ஒரு தாளில் ஆக்கிக் கொடுக்கட்டும். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ எமக்கு உரிமையில்லை. அது டொக்டரின் வேலை. புரியவைத்தலும், கிளினிக் நாளை நினைவூட்டலும், மருந்து தீர்ந்தவர் யார், வயிறு எரிகின்றது என்று நிறுத்தியவர் யார் என்று விசாரித்து அவரை மறுபடி டொக்டரிடம் அழைத்துச் செல்லலும் எமது வேலை. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. படித்தவர் தம் படிப்பைச் சற்றுக் கீழிறக்கித் தோளிற் சுமந்தால் போதும்.

அவ்வேலை தொடங்கும் நாளில், விசாரிக்கும் முறையும் மாறவேண்டும். 'ஏன் மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை?' என்ற கேள்வியை அந்த மேசையிலிருந்து அகற்றுவோம். 'மருந்தெடுக்க உங்களுக்குத் தடையாயிருப்பது எது?' என்று கேட்போம். வருகின்ற விடைகளை எழுதி வைப்போம். ஊர்ப் பெயரோடு, கிளினிக் நாளோடு, கிடையாத மருந்தின் பெயரோடு எழுதி வைப்போம். ஊரூராகச் சேரும் அக்கொப்பிகளைச் சுகாதாரப் பணிப்பாளரின் மேசையில் அடுக்கும்போது, தோன்றா எழுவாய்கள் ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்கும்.